அவசரத்தின் விலை

பாடித் தெருக்களில் நடக்கையில் எங்கேனும் மரமறுக்கும் ரம்பத்தின் ஒலி கேட்டால், நம் நெஞ்சம் இன்றும் துணுக்குறுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத் திருமணத்தையொட்டி, தெருமுனைத் தச்சுப் பட்டறையில் தேக்குக் கட்டில் ஒன்றுக்குச் சொல்லியிருந்தோம். "ஆசாரியாரே, ஞாயிறுக்குள் முடித்துத் தாருங்கள்" என்று நாள்தோறும் வாசலில் போய் நின்றோம். நமது அவசரம் அவரையும் தொற்றிக்கொண்டது. வட்ட ரம்பத்தின் மூடியையும், அதன் பின்னால் நிற்கும் மெல்லிய இரும்புத் தகட்டையும் கழற்றி வைத்துவிட்டுப் பலகையை நெடுக அறுக்கத் தொடங்கினார். பாதி சென்றதும் பலகை அம்பெனப் பின்னோக்கிப் பாய்ந்து அவரது வயிற்றில் மோதியது. நிலை தடுமாறிய கை ரம்பத்தின்மேல் சரிந்தது. சுட்டுவிரலின் நுனி போயிற்று.

காயம் ஆறியபின் அவரே விளக்கினார்: "ஐயா, மரத்துக்குள் ஓர் இறுக்கம் உண்டு. நெடுக அறுக்கும்போது அது அவிழும். அறுத்த வாய் மறுபடி மூடி ரம்பத்தைக் கவ்வும். பின்புறம் மேலெழும் பற்கள் பலகையைத் தூக்கி நம்மீதே வீசும். வாயை மூடவிடாமல் காப்பதுதான் அந்தத் தகடு."

மேலும் சொன்னார். நேரான விளிம்பே பக்கச் சட்டத்தை ஒட்டிச் செல்லவேண்டும். ரம்பம் பலகைக்குச் சற்றே மேல் தெரிந்தால் போதும். கடைசிச் சாணைக் கையால் அன்றித் தள்ளுகோலால் தள்ளவேண்டும். ரம்பத்துக்கு நேர் பின்னே நில்லாமல் ஒதுங்கி நிற்கவேண்டும். தோள்துண்டும் கையுறையும் ஆகா. பற்கள் அவற்றோடு கையையும் இழுத்துக்கொள்ளும்.

அனைத்தும் அறிந்தவர்தாம். அறியாமை அவர் விரலைப் பறிக்கவில்லை. நமது அவசரமே பறித்தது.

இயந்திரங்களின் அபாயமான பகுதிகளுக்குக் காப்பு வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பணித்தது. ஆயின், மின்விசையோடு பத்துப்பேரேனும் உழைக்கும் இடங்களையே அது பெரும்பாலும் தழுவியது. இருவர் உழைக்கும் தெருமுனைப் பட்டறைக்குக் காவல் யார்? வேலை கொடுக்கும் நாம் அல்லவா?

1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் அந்நாளில் தச்சரான அவரை வணங்குகிறோம். நமக்காக மரம் அறுப்பவரின் கைகளை எண்ணிப் பார்த்தோமா?

கட்டில் பத்து நாள் தாழ்ந்தே வந்தது. திருமணம் அதனால் நின்றுவிடவில்லை.

இப்போதெல்லாம் மரவேலை கொடுக்கும்போது, "எப்போது கிடைக்கும்?" என்று கேட்குமுன், "தகடு மாட்டியிருக்கிறதா?" என்று கேட்கிறோம்.