ரஹீம் ஸாஹிப் என்னும் ஆசிரியர்

எங்கள் காவேரிப்பாக்கத்துப் பெரிய ஏரி வற்றிக் கிடக்கும் கோடை நாட்களில், அஸருக்குப் பின் சிறுவர்கள் அங்கே பந்து உதைப்பதைக் கரையில் நின்று கண்டு முகம் சுளித்தவன் நான். பல்லாண்டுகளுக்கு முன்பு, தோல் பதனிடும் தொழிற்சாலைக் கூலியாள் ஒருவரின் மகன் மாலை மக்தபுக்குத் தாமதமாக, கால் நிறையப் புழுதியோடு வந்தான். பந்தைப் பறித்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் முதல் அவன் ஓதவே வரவில்லை. ஒழுங்கைக் காத்துவிட்டதாக அன்று எனக்குப் பெருமிதம்!

2024இல் 'மைதான்' என்றோர் இந்திப் படம் வந்ததாக மாணவர்கள் பேசிக்கொண்டனர். படம் பார்க்கும் வழக்கம் எனக்கில்லை. ஆயினும் அதன் நாயகர் ஓர் ஆசிரியர் எனக் கேட்டதும், அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1909இல் ஹைதராபாத்தில் பிறந்த ஸையித் அப்துல் ரஹீம், பள்ளியில் பாடம் நடத்தியவர், தாமும் பந்தாடியவர். அவர் பயிற்சியில் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951இல் புதுடில்லியில் ஈரானை வென்று இந்தியா ஆசியத் தங்கம் பெற்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றதையும் சொல்லத்தான் வேண்டும். நம்மவரிற் பலர் அன்று வெறுங்காலோடு ஆடினர். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று நான்காமிடம் பெற்றனர்.

செகந்திராபாத்தின் ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை துளசிதாஸ் பலராம். பயிற்சிக்கு வந்துபோகக் கையில் காசில்லை என்றபோது, மிதிவண்டி வாடகைக்கு ரஹீம் ஸாஹிப் தாமே பணம் கொடுத்தாராம். இவ்விடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். ஓர் ஆசிரியர் வண்டி வாடகை கொடுத்தார்; இன்னோர் ஆசிரியர் பந்தைப் பூட்டினார்.

பயிற்றுநரை அரபியில் 'முதர்ரிப்' என்பர். பாதையைக் குறிக்கும் 'தர்ப்' என்ற சொல்லுக்கும் அதே மூல எழுத்துக்கள்தாம். ஆண்டாண்டாக இலக்கணம் நடத்தியும் இது எனக்கு உறைத்ததில்லை.

1962 ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோல்வி. ரஹீம் ஸாஹிபோ நுரையீரல் நோயோடு போராடிக்கொண்டிருந்தார். தலையில் தையல் போட்டிருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்வரிசைக்கு அனுப்பினார். நோயினின்று மீண்ட பீட்டர் தங்கராஜ் இறுதியாட்டத்தில் கோலைக் காத்தார். செப்டம்பர் 4ஆம் நாள், பார்வையாளர் திரள் முழுவதும் எதிராய்க் கூச்சலிட, அதே தென்கொரியாவை 2-1 என வென்றனர். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. அதன்பின் இந்தியா ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் கண்டதில்லை. 1963 ஜூன் 11இல் புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது.

சென்ற ரமலானுக்குப் பின், அந்தப் பழைய மாணவன் தன் மகனைச் சேர்க்க வந்தான். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலையாம். பிள்ளையின் அக்குளில் பந்து.

"ஹஜ்ரத், இதை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லட்டுமா?" என்றான்.

"உள்ளேயே இருக்கட்டும், தம்பி" என்றேன். அவன் முகத்தைப் பார்க்கத்தான் கூச்சமாயிருந்தது.

இப்போது கோடையில் மாலைப் பாடத்தை மக்ரிபுக்குப் பிறகு மாற்றி வைத்திருக்கிறேன். ஜமாஅத்தில் இரண்டொருவர் காரணம் கேட்கத்தான் செய்கிறார்கள்.