கரையில் நின்ற மாலுமி

ஏலகிரிக்கு ஏறும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்து மேலே சென்றால் புங்கனூர் ஏரி வரும். அங்குப் படகில் ஏறுவோர் எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை தெரியும். மலையின் கீழே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடப்படும் தோலும் தைக்கப்படும் காலணியும் கடல் கடந்து போகின்றன. அவற்றைச் செய்யும் கைகள் பெரும்பாலும் கடலைக் காண்பதே அரிது. கடலுக்கு உள்ளடங்கிய இத்தகைய ஊர்களுக்குக் கடலோடு என்ன உறவு என்று கேட்போருக்கு மகாராட்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் ஒரு விடை இருக்கிறது. அங்குப் பல்டண் நகருக்கு அருகில் மழை குறைந்த மேட்டுநிலத்தில் அமைந்த சிற்றூர் விஞ்சூர்ணி. பணி ஓய்வுக்குப் பின் அவ்வூரில் வாழ்ந்தவர் வைஸ் அட்மிரல் மனோகர் பிரகலாத் ஆவட்டி.

1927ஆம் ஆண்டு சூரத்தில் பிறந்த ஆவட்டி, டஃபரின் என்னும் பயிற்சிக் கப்பலில் கடற்கல்வி பெற்றுக் கடற்படையில் சேர்ந்தார். 1971ஆம் ஆண்டுப் போரின்போது வங்கக் கடலில் ‘கமோர்ட்டா’ என்னும் போர்க்கப்பலுக்குத் தலைமை தாங்கினார். அதற்காக வீர சக்கர விருது பெற்றார். கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தின் தலைவராக இருந்து இளம் வீரர்களை உருவாக்கினார். இந்தியரின் கடலோடும் மரபு ஏட்டில் இல்லாமல் மறைந்துவிடக் கூடாது என்னும் அக்கறையால் 1978இல் மும்பையில் கடல்சார் வரலாற்றுக் கழகத்தைத் தோற்றுவித்தார். மேற்குக் கடற்படைப் பிரிவின் தலைமைத் தளபதியாக இருந்து 1983இல் ஓய்வு பெற்றார். இவ்வளவோடு நின்றிருந்தாலும் அது நிறைவான வாழ்வுதான். ஆனால், அவருடைய ஆசிரியப் பணியின் சிறந்த பகுதி, ஓய்வு பெற்று இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே தொடங்கியது.

பாய்மரப் படகில் தனி ஒருவராக, எங்கும் நிற்காமல் உலகை முதலில் சுற்றிவந்தவர் இங்கிலாந்தின் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1968இல் புறப்பட்டு 1969இல் திரும்பிய அவருடைய ‘சுஹைலி’ என்னும் படகு, பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. படகு இந்தியக் கைத்திறன்; செலுத்தியவர் இந்தியர் அல்லர். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியும் இந்தியர் எவரும் தனியாக அப்படிச் சுற்றிவரவில்லை. இந்தியாவில் கட்டிய படகில் இந்தியர் ஒருவர் தனியே உலகைச் சுற்றிவர வேண்டும் என்னும் எண்ணத்தைக் கடற்படையின் முன் வைத்தவர் ஆவட்டி. ‘சாகர் பரிக்கிரமா’, அதாவது கடல்வலம், என்று அத்திட்டம் பெயர் பெற்றது. 2006ஆம் ஆண்டு திலீப் தோண்டே என்னும் கடற்படை அதிகாரி அதற்கு முன்வந்தார். வழிகாட்டிக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது.

உலகைச் சுற்றுவது என்றால் என்ன? புறப்பட்ட துறைமுகத்திற்கே திரும்ப வேண்டும். எல்லாத் தீர்க்கக் கோடுகளையும் கடக்க வேண்டும். நிலநடுக்கோட்டை இருமுறை தாண்ட வேண்டும். கால்வாய் வழியே குறுக்காகச் செல்லக் கூடாது. 21,600 கடல் மைலுக்குக் குறையாமல் காற்றின் வலிமையால் மட்டுமே செல்ல வேண்டும். இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைக் கணக்குப் பாடம் சொல்லும். பூமியின் சுற்றளவு 360 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை. ஒரு கலைக்கு ஒரு கடல் மைல். இவ்விதிகளின்படி செல்பவர், நிலத்தால் தடுக்கப்படாத காற்று ஓயாமல் வீசும் தென்கடலில் இறங்கி, தென் அமெரிக்காவின் கோடியில் உள்ள ஹார்ன் முனையைச் சுற்றியே தீர வேண்டும். அலை படகைக் கவிழ்த்தாலும் அடியில் உள்ள ஏராவின் கனம் அதை மீண்டும் நிமிர்த்தும். உள்ளே இருக்கும் மனிதரை நிமிர்த்த வேறொன்று வேண்டும்.

கோவாவில் தீவார் தீவில் ரத்னாகர் தண்டேகரின் பட்டறையில் 56 அடி நீளமுள்ள ‘மாதேய்’ உருவாயிற்று. மாண்டவி ஆற்றின் மற்றொரு பெயர் அது. 2009 ஆகஸ்ட் 19 அன்று மும்பையிலிருந்து புறப்பட்ட தோண்டே, நான்கு துறைமுகங்களில் மட்டும் நின்று, 2010 மே மாதம் திரும்பினார். அவருக்குக் கரையிலிருந்து உதவிய இளைஞர் அபிலாஷ் டோமி, அடுத்து அதே படகை 2012 நவம்பர் 1 அன்று செலுத்திச் சென்று, எங்கும் நிற்காமல், 2013 மார்ச் 31 அன்று மும்பைக்குத் திரும்பினார். முதல் மாணவருக்குத் துணை நின்றவரே அடுத்த மாணவரானார். நல்ல ஆசிரியரின் வகுப்பில் இது இயல்பாகவே நிகழ்கிறது போலும்.

நீச்சல் கற்றுத்தருபவர் மாணவன் தடுமாறினால் குளத்தில் குதிக்கலாம். கடலுக்கு அனுப்பிய ஆசிரியருக்கு அந்த வழி இல்லை. பிழையின்றிக் கற்பித்தோமா என்னும் கேள்வியோடு கரையில் இருக்க வேண்டியதுதான். 2018 செப்டம்பர் 21 அன்று, சுஹைலியை ஒத்த ‘துரியா’ என்னும் படகில் உலகச் சுற்றுப் போட்டியில் சென்றுகொண்டிருந்த டோமி, தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கினார். பாய்மரம் முறிந்தது; முதுகெலும்பு அடிபட்டு எழ முடியாமல் கிடந்தார். மூன்று நாட்களுக்குப் பின் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. ஆவட்டிக்கு அப்போது வயது 91. அதே ஆண்டு நவம்பர் மாதம் அவர் மறைந்தார். அவ்வாண்டு மே மாதம், வர்த்திகா ஜோஷி தலைமையில் கடற்படைப் பெண் அதிகாரிகள் அறுவர் ‘தாரிணி’ என்னும் படகில் உலகைச் சுற்றித் திரும்பியதை அவர் உயிரோடிருந்து கண்டார். டோமி மீண்டும் கடலேறி, 2023 ஏப்ரலில் அதே போட்டியின் அடுத்த சுற்றில் இரண்டாவதாக வந்ததைக் காண அவர் இல்லை.

2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து தாரிணி மறுபடியும் புறப்பட்டது. இம்முறை படகில் இருவர் மட்டுமே இருந்தனர். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த தமிழ்ப்பெண் ரூபா அழகிரிசாமி. எத்திசையிலும் நிலம் மிகத் தொலைவில் இருக்கும் பசிபிக் பெருங்கடலின் நீமோ புள்ளியை 2025 சனவரி இறுதியில் கடந்து, ஹார்ன் முனையைச் சுற்றி, மே 29 அன்று இருவரும் கோவா வந்து சேர்ந்தனர். அவர்களுக்குப் பயிற்சி அளித்து வழிகாட்டியவர் அபிலாஷ் டோமி.