சொல் இல்லாத இசை: சில பரிந்துரைகள்

கொழும்பில் என்னோடு ஒரே மேசையில் பணியாற்றிய நண்பர் ஒருவர், ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளாகின்றன, அண்மையில் ஒரு விண்ணப்பம் விடுத்தார். இரவில் கேட்பதற்குச் சில இசைத்தட்டுகளின் பெயர்களைச் சொல்லவேண்டும், மென்மையாக இருக்கவேண்டும், பாட்டு மட்டும் இருக்கக்கூடாது. "பாட்டு வந்தால் நான் அதை ஒப்புநோக்கத் தொடங்கிவிடுறன், அண்ணை" என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் முப்பது ஆண்டுகள் இரவுப் பணியில் முதற்பக்கத்தை முடித்து அனுப்பியவர் அவர். யுத்த காலத்தில் அந்தப் பக்கத்தில் எவை வந்தன என்பதை வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. இறந்தோர் தொகை நள்ளிரவுக்குள் மூன்று முறை மாறும். மூன்று முறையும் தலைப்பை மாற்றுபவர் அவரே. இப்போது அவருக்கு உறக்கம் வருவதில்லை. கண்ணை மூடினால் வரிகள் ஓடுகின்றனவாம். சொற்களிடமிருந்து சில மணிநேரம் விடுமுறை வேண்டும் என்பதே அவர் கேட்டதன் பொருள். அவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறேன். அதே நோய் உள்ள பிறருக்கும் உதவக்கூடும்.

முதலில் பெயர்க்குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். மேல்நாட்டார் 'புரோகிரஸிவ்' என்று ஓர் இசைவகையைச் சொல்கிறார்கள். அதை 'முற்போக்கு இசை' என்று மொழிபெயர்த்தால் இலங்கை வாசகருக்குக் கைலாசபதியும் சிவத்தம்பியும் நினைவுக்கு வந்துவிடுவார்கள். இது அந்த முற்போக்கு அல்ல. 1960களின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலேய இளைஞர் சிலர், மூன்று நிமிடப் பாட்டு என்ற வரம்பை மீறி, இருபது நிமிடம் வரை நீளும் உருப்படிகளை அமைக்கத் தொடங்கினார்கள். பிங்க் ஃபுளொய்ட் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975) என்ற தொகுப்பின் முதல் உருப்படியில் பாடகர் வாய் திறப்பதற்கு எட்டரை நிமிடங்களுக்கு மேலாகும். அதுவரை கித்தாரும் மின்னிசைக் கருவிகளும்தான். ராக ஆலாபனைக்குப் பழகிய நம் காதுக்கு இது புதிதல்ல. மேடையில் வித்துவான் அரைமணிநேரம் ஒரு சொல்லும் இல்லாமல் ராகம் இழைப்பதை நாம் பொறுமையாகக் கேட்டவர்கள்தாமே.

மற்றொரு வகை 'அம்பியன்ட்', சூழலிசை எனலாம். இதற்குப் பெயர் வைத்தவர் பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர். 1975ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விபத்தொன்றில் காயமுற்றுப் படுக்கையில் கிடந்த அவருக்குத் தோழி ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துச் சென்றார். ஈனோ மிகுந்த சிரமத்துடன் எழுந்து தட்டைச் சுழலவிட்டுப் படுத்துக்கொண்டார். ஒலி மிகக் குறைவாக இருந்தது. போதாக்குறைக்கு ஒரு பக்க ஒலிபெருக்கி வேலைசெய்யவில்லை. மறுபடி எழுந்து கூட்டிவைக்கத் தெம்பில்லை. வெளியே பெய்த மழையின் ஒலியோடு கலந்து, இருந்தும் இல்லாமலும் அந்த இசை அறைக்குள் நின்றது. இசையை இப்படியும் கேட்கலாம் என்று அன்று தமக்கு விளங்கியதாக அவர் பின்னர் எழுதினார். அவ்வாண்டே 'டிஸ்கிரீட் மியூசிக்' வெளிவந்தது. 1978இல் 'மியூசிக் ஃபோர் எயார்போட்ஸ்', அதாவது விமான நிலையங்களுக்கான இசை. கவனித்துக் கேட்டால் கவனத்துக்குத் தக்கதாகவும், கவனியாவிட்டால் தொந்தரவு செய்யாததாகவும் இருக்கவேண்டும் என்பதே அவர் வகுத்த இலக்கணம். பத்திரிகைத் தலைப்புக்கு நேர் எதிரான இலக்கணம் என்று நண்பருக்கு எழுதினேன்.

நான் இப்போது வாழும் நுரைச்சோலையில் இந்த இலக்கணத்தை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் இந்து சமுத்திரம். மறுபக்கம் புத்தளம் களப்பு. நடுவே மணற்பாங்கான ஒடுங்கிய நிலம். சோழகம் வீசும் மாதங்களில் காற்று ஓய்வதே இல்லை. மாம்புரிப் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. மரக்கறித் தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரங்கள் விடியுமுன்பே இரையத் தொடங்கும். இவை அனைத்துக்கும் அடியில் நிலக்கரி அனல்மின் நிலையத்தின் ஒலி. முந்நூறு மெகாவாட் வீதம் மூன்று இயந்திரத் தொகுதிகள். முதலாவது 2011இல் இயங்கத் தொடங்கியது. கரித்தூள் பற்றியும் சாம்பல் பற்றியும் இவ்வூர் விவசாயிகளுக்குச் சொல்ல நிறைய உண்டு. அது வேறொரு கட்டுரை.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சர் சொன்னார். குரங்கைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். அதோடு நுரைச்சோலையும் நின்றுபோனது. மீண்டும் முழுமையாக இயங்கச் சில நாட்கள் பிடித்தன. அந்த நாட்களில்தான் அலைகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதைக் கேட்டேன். காது இடைவிடாத இரைச்சலைச் செய்தியாகக் கொள்வதில்லை. அது நின்றால்தான் செய்தி. நல்ல சூழலிசை இந்த உண்மையை அறிந்து செய்யப்பட்டது. இனி, பரிந்துரைகள்.

முதலாவது, 'கோல் ஒஃப் த வெலி' (1967). பள்ளத்தாக்கின் அழைப்பு. சந்தூரில் சிவகுமார் சர்மா, புல்லாங்குழலில் ஹரிபிரசாத் சௌராசியா, கித்தாரில் பிரிஜ் பூஷன் காப்ரா. காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாள்தான் கதை. விடியற்காலைக்கு அகிர் பைரவ் என்று தொடங்கி, அந்தந்தப் பொழுதுக்குரிய ராகங்கள் வழியே நாள் நகர்ந்து இரவுக்கு வருகிறது. சொல் இன்றியே கதை சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. தொடங்குபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது, இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' (1988). இதிலும் புல்லாங்குழல் சௌராசியாவுடையது. பின்னால் வயலின்களின் பெரும் அணி. இதற்கு முன் 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்?' தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது, வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதன் உயிர். இரண்டும் சிறந்தவையே. எனினும் முன்னது மூளையைத் தட்டி எழுப்பும், பகலில் கேளுங்கள். இரவுக்குக் காற்றுத்தான் நல்லது. 1990களின் முற்பகுதியில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்து ஒலிநாடா கேட்டார்கள் என்பதை அறிவீர்கள். இந்த ஒலிநாடாவையும் அப்படிக் கேட்ட ஒருவர் என்னிடம் சொன்னார்: சுழற்றுபவரின் கை சோர்ந்தால் சௌராசியாவின் சுருதி இறங்குமாம், ஆள் மாறினால் மறுபடி ஏறுமாம். இன்று கைபேசியில் துல்லியமாகக் கேட்கும்போதும், அந்த ஏற்ற இறக்கம் இல்லாதது தமக்கு ஒரு குறையாகவே படுகிறது என்றார்.

மூன்றாவது பரிந்துரை நம்மோடு நெருங்கிய உறவுடையது. வி. லட்சுமிநாராயணா என்ற வயலின் வித்துவான் யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தார். அவருடைய பிள்ளைகளான எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் வயலின் கலைஞர்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம், 1958இல் இனக்கலவரம். அதை அடுத்து அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. பிறகு நடந்ததை உலகம் அறியும். வைத்தியநாதன் 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சித் தொடருக்கு இசையமைத்தார். சுப்பிரமணியம் உலக மேடைகளில் தனிப்பெயர் பெற்றார். சங்கர், கித்தார் கலைஞர் ஜோன் மக்லக்லின், தபேலா மேதை சாகிர் ஹுசைன், கடம் விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் வாசித்தார். அக்குழுவின் முதல் தட்டு 1976இல் வந்தது. அதில் 'லோட்டஸ் ஃபீற்' என்ற உருப்படி மட்டும் உங்கள் இரவுக்கு ஏற்றது. ஏனையவை பாய்ந்தோடும் குதிரைகள்.

நான் பரிந்துரைப்பது சங்கரின் 'ஹூஸ் டு நோ' என்ற தட்டை. 1980இல் பதிவானது, மியூனிக் நகரத்து ஈ.சி.எம். நிறுவனத்தின் வெளியீடு. தாமே வடிவமைத்த, இரண்டு கழுத்தும் பத்துத் தந்தியும் கொண்ட இரட்டை வயலினைச் சங்கர் வாசிக்கிறார். அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த நாதமும் வழக்கமான வயலினின் மெல்லிய நாதமும் ஒரே கருவியில் வரும். ராக ஆலாபனைப் பகுதியை விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன். தபேலா சாகிர் ஹுசைன். தட்டில் தாளம் போடுபவராக இன்னொரு பெயரும் இருக்கிறது: வி. லட்சுமிநாராயணா. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குத் தாளம் போட்டுக் கற்பித்த அதே கை.

1958 கலவரத்தைப் பற்றி டார்சி வித்தாச்சி என்ற பத்திரிகையாளர் அவ்வாண்டே நூல் எழுதினார். பின்வந்தவர்களும் நிறைய எழுதியிருக்கிறோம். நம் தொழிலின் கணக்கில் போன உயிர்கள் வரும். எரிந்த வீடுகள் வரும். ஊரைவிட்டுப் போன வயலின் வராது. அது பிறகு இசைத்தட்டாக, ஐரோப்பிய முத்திரையோடு, விலைகொடுத்து வாங்கவேண்டிய பொருளாக நம்மிடம் திரும்பி வந்தது.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாண்டலின் ஸ்ரீனிவாஸ், கனடாக் கித்தார் கலைஞர் மைக்கல் புறூக்குடன் சேர்ந்து அளித்த 'ட்ரீம்' (1995): மாண்டலின் கச்சேரிகளின் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள், இங்கே அது மிதக்கிறது. ஸ்ரீனிவாஸ் 2014இல், நாற்பத்தைந்து வயதில் மறைந்தார் என்ற நினைவோடு கேட்டால் நெஞ்சு கனக்கும். அமெரிக்கர் ரை கூடரும் மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டும் ஒரு தேவாலயத்தில் அமர்ந்து வாசித்த 'எ மீற்றிங் பை த ரிவர்' (1993): ஒத்திகை ஏதுமின்றி, ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கும் மரியாதையே அதன் அழகு. நமது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு இலவசமாக விநியோகிக்கலாம். இறுதியாக, ஈனோவின் விமான நிலையத் தட்டு. அதில் மனிதக் குரல் உண்டு, சொல் இல்லை.

இசை இனங்களை இணைக்கும் என்று மேடைகளில் பேசுவார்கள். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. 58இலும் 83இலும் வீடு கொளுத்தியவர்களும் புல்லாங்குழலைக் கேட்டு வளர்ந்தவர்களே. நான் கண்டது சிறிய விடயம். எங்கள் ஒழுங்கையில் ஒரு சிங்களக் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் இருக்கிறார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, இளைஞராக இங்கு வந்துசேர்ந்த முஸ்லிம் பெரியவர் ஒருவரும் இருக்கிறார். மாலையில் சில வேளை என் திண்ணைக்கு வருவார்கள். தமிழ்ப் பாட்டுப் போட்டால் முன்னவர் அர்த்தம் கேட்பார். நான் சிங்களத்தில் சொல்லவேண்டும். பெரியவர் என் மொழிபெயர்ப்பைத் திருத்துவார். பிறகு பேச்சு எங்கெங்கோ போகும். சில நாள் போகக்கூடாத இடத்துக்கும் போகும். சௌராசியாவைப் போட்டால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. மூவருக்கும் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. மூவரும் அன்றைக்குச் சொல்லாமல் இருக்கிறோம். அது சமாதானம் ஆகாது. ஆனால் நாற்பது ஆண்டுகள் பிறர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்த எனக்கு, ஒருவரையும் ஒன்றும் சொல்லவைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒரு பயிற்சியாகவே இருக்கிறது.

கேட்கும் முறை பற்றி இரண்டு வார்த்தை. காதுக்குள் செருகும் கருவி வேண்டாம். அது வெளியை அடைத்துவிடும். ஒலியை மின்விசிறியின் சத்தத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். ஓர் இரவுக்கு ஒரு தட்டுப் போதும். ஒன்று முடிந்தவுடன் கைபேசி தானாகவே அடுத்ததைத் தொடங்கும். அந்த வசதியை முதலிலேயே நிறுத்திவையுங்கள். இசை முடிந்த பின் வரும் ஐந்து நிமிடங்களும் தட்டின் பகுதியே. அந்த நேரத்தில் எழுந்து செய்தி பார்க்காதீர்கள். காலையில் எப்படியும் பத்திரிகை வரும்.