தகரத் துண்டும் தனிச்சாவியும்

என் பழைய செய்திக் குறிப்புகளை வெளிநாட்டு வழங்கிக் கணினி ஒன்றில் சேர்த்து வைக்க எண்ணினேன். ஹட்டனில் இருந்தபடியே அதனுள் நுழையும் வழியைச் சென்ற வாரம் ஓர் இளைஞன் கற்றுக்கொடுத்தான். என் நண்பரின் பேரன். டிக்கோயாப் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்து, கணினித்துறையில் பட்டம் பெற்றவன். கட்டளையைத் தட்டியதும் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரியொன்று திரையில் வந்தது. தொடரலாமா என்ற கேள்வி அதன் கீழே நின்றது.

"தாத்தா, அவசரப்பட்டு 'யெஸ்'னு அடிச்சிறாதீங்க. மொதல்ல ரேகை சரியான்னு பாருங்க."

ரேகை என்று அவன் சொன்னது அந்த வழங்கியின் பொதுச்சாவியிலிருந்து கணித்தெடுத்த சுருக்க அடையாளத்தை. ஆங்கிலத்திலும் அதற்குக் கைரேகை என்றே பெயர். வழங்கியை வாடகைக்குத் தந்தவர்கள் அறிவித்திருந்த வரியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். ஒருமுறை ஏற்றுக்கொண்டால் நம் கணினி அதை நினைவில் வைத்திருக்கும். பிறகொரு நாள் அதே பெயரில் வேறு கணினி வந்து நின்றால் எச்சரித்துத் தடுக்கும்.

எனக்கு என் தந்தையின் கைநாட்டு நினைவுக்கு வந்தது. சம்பள நாளில் மை தொட்டுப் பெருவிரலைப் பதித்தவர். தாம் யாரென்று அவர்தாம் காட்ட வேண்டும். கணக்கு எழுதியவர் அவருக்கு எதையும் காட்ட வேண்டியதில்லை. அவருக்கு முந்திய தலைமுறையின் நிலை இன்னும் மோசம். தமிழகத்திலிருந்து கப்பலேறியவர்களுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு தரப்பட்டது. வேறு தோட்டத்திற்கு மாற விரும்பினால், பட்ட கடனைக் குறித்துத் துரை தரும் 'துண்டு' வேண்டும். அது இல்லாதவரை அடுத்த தோட்டம் சேர்க்காது. 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இந்த இணைப்பிலோ வழங்கிதான் முதலில் தன்னை நிரூபிக்கிறது. அதன்பின்பே என் முறை. என் அடையாளத்தையும் எவரும் எனக்கு வழங்கவில்லை. இரண்டு சாவிகளும் என் மடிக்கணினியிலேயே உருவாயின. பொதுச்சாவியை வழங்கியில் வைத்தோம். யார் பார்த்தாலும் கவலையில்லை. தனிச்சாவி இங்கேயே இருக்கும். நுழையும்போது அது வெளியே போவதில்லை. அந்த இணைப்புக்கே உரிய தரவின்மீது கையொப்பமிட்டு அனுப்புகிறது, அவ்வளவே. பொதுச்சாவியைக்கொண்டு வழங்கி அதைச் சரிபார்க்கும். நடுவில் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டாலும் மறுமுறை பயன்படாது.

இதற்குள் ஓடும் செய்திகளைப் பூட்டும் சாவி வேறு. இரு முனைகளும் ஆளுக்கொரு இரகசியத்தை மறைத்துக்கொண்டு, வெளிப்படையாகச் சில எண்களை மட்டும் பரிமாறி, ஒரே விடையைக் கணிக்கின்றன. 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட வழி அது. கணக்கில் நான் எப்போதும் பின்வாங்கு. இதை மட்டும் மூன்று முறை சொல்லக் கேட்டேன்.

1995இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்டன. அங்கிருந்த ஆய்வாளர் டாட்டு யுலோனன் அவ்வாண்டிலேயே எஸ்.எஸ்.எச். என்ற இந்த முறையை எழுதினார். கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று வாயில் எண்கள் இருக்க, நடுவில் காலியாயிருந்த 22 இதற்குக் கிடைத்தது.

அந்த டெல்நெட்டை நானும் பயன்படுத்தியவன். 1998இல் ஹட்டனில் ஒரு தொடர்பாடல் நிலையத்தில் அமர்ந்து, கொழும்பிலிருந்த கணினிக்குச் செய்தி அனுப்பினேன். தோட்டத்து இளைஞர்கள் சந்தேகத்தின்பேரில் கைதாகிக்கொண்டிருந்த காலம். என்னிடம் பேசிய இருவரின் உண்மைப் பெயர்களை ஆசிரியர் பார்வைக்கென்று அடியில் எழுதியிருந்தேன். கடவுச்சொல்லும் அந்தப் பெயர்களும் மூடாத அஞ்சலட்டை போலப் போயின என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. அதற்கு என் எச்சரிக்கை காரணமல்ல.

இதை அவனிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "இது போற வழியத்தான் காக்கும் தாத்தா. அங்க போய்ச் சேர்ந்தத அந்த மெஷின் வச்சிருக்கிறவங்க நெனச்சாப் படிக்கலாம்" என்றான்.

மற்றக் கோப்புகளை அன்று மாலையே ஏற்றினோம். 1998ஆம் ஆண்டுக் குறிப்பேடு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.