பாண்டிச்சேரியில் ‘ட்ரை’ போர்ட்டா?

வில்லியனூரில் குடியிருக்கிறவனுக்கு வெளியூர் நண்பர்களிடமிருந்து வரும் போன் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ‘மச்சி, சௌக்கியமா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?’ என்று இரண்டு கேள்வி. மூன்றாவதாக, ‘ஊருக்கு வரும்போது சரக்கு...’

சரக்கைப் பற்றித்தான் நானும் பேச வந்திருக்கிறேன். ஆனால் இது வேறு சரக்கு. மூட்டை, பெட்டி, பேல், பீப்பாய். பி.காமில் மூன்று வருஷம் படித்த சரக்கு. (படித்ததில் இப்போது தலையில் என்ன சரக்கு மிச்சம் என்று கேட்கக் கூடாது.)

டீக்கடையில் ஒரு நண்பரிடம், “நம்ம பக்கத்துக்கு நல்லா நடக்கிற ஒரு ட்ரை போர்ட் வேணும் சார்” என்றேன். டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

“ட்ரையா? பாண்டிச்சேரியிலயா? ஏன் சார், நாங்க நாலு பேர் நல்லா இருக்கிறது உங்களுக்குப் பிடிக்கலையா?”

அவருக்குச் சொன்ன விளக்கத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ட்ரை போர்ட் என்றால் உலர் துறைமுகம். அங்கே கடல் இருக்காது, கப்பல் இருக்காது, சுண்டல் விற்கிற பையனும் இருக்க மாட்டான். மற்றபடி துறைமுகத்துக்கு உண்டான அத்தனையும் இருக்கும். கஸ்டம்ஸ் அதிகாரி, எடை மேடை, கிரேன், கோடவுன், நாலு இடத்தில் கையெழுத்து கேட்கும் ஃபாரம் எல்லாம் உண்டு. சரக்கை அங்கேயே சோதித்து, கன்டெய்னரில் ஏற்றி, சீல் வைத்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பெட்டி ரயிலிலோ டிரெய்லரிலோ போய்க் கப்பல் ஏறவேண்டியதுதான் பாக்கி. திருப்பதி தரிசன டிக்கெட்டை ஊரிலேயே வாங்கிக்கொண்டு மலையேறுகிற மாதிரி. டிக்கெட் இல்லாமல் போனால் எங்கே உட்கார வைப்பார்கள், எத்தனை மணி நேரம் உட்கார வைப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

கடலுக்கும் பெங்களூருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனாலும் இந்தியாவின் முதல் உலர் துறைமுகம் 1981-ல் அங்கேதான் வந்தது. பிறகு இந்த வேலைக்கென்றே 1988-ல் மத்திய அரசு ‘கான்கார்’ என்ற கன்டெய்னர் கார்ப்பரேஷனை ஆரம்பித்தது. பனியனுக்குப் பேர் போன திருப்பூருக்கு ஒன்று, கோயமுத்தூர் பக்கம் இருகூரில் ஒன்று என்று தமிழ்நாட்டிலும் வந்தன. கடலையே பார்க்காத நேபாளத்துக்கு பீர்கஞ்சில் ஒன்று இருக்கிறது. கல்கத்தாவில் இறங்கும் பெட்டி ரயிலிலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

“அவங்களுக்குக் கடல் இல்ல, சரி. நமக்குத்தான் பத்து கிலோ மீட்டர்ல கடல் இருக்கே, சார்!” என்றார் டீக்கடை நண்பர்.

நியாயமான கேள்வி. கடல் இருக்கிறது. அலையும் இருக்கிறது. கப்பல் பக்கத்தில் வந்து நிற்கிற ஆழம்தான் இல்லை. துய்ப்ளே காலத்திலேயே கப்பல் தள்ளி நிற்கும். சலங்குப் படகில்தான் சரக்கு கரைக்கு வரும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து எழுதி வைத்த நாட்குறிப்பைப் புரட்டினால், எந்தக் கப்பல் வந்தது, என்ன ஏற்றியது என்று பக்கம் பக்கமாக வரும். 1866-ல் கடலுக்குள் இரும்புப் பாலம் போட்டார்கள். அதை 1952-ல் புயல் கொண்டுபோனது. அப்புறம் கட்டின பாலத்திலும் 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. முகத்துவாரத்துக்குள் துறைமுகம் கட்டினால், அங்கே மணல் வந்து குந்திக்கொள்கிறது. 2023 பிப்ரவரியில் சென்னையிலிருந்து ஒரு சின்ன கன்டெய்னர் கப்பல் வந்தபோது, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வரவேற்பு கொடுத்தோம். கப்பல் வந்ததே செய்தி என்றால், அது எப்பேர்ப்பட்ட துறைமுகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் நமக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமாபுரி ஜாடிகள் கிடைத்தன. ‘ஆம்போரா’ என்று பெயர். ஒயின் வந்த ஜாடி! ஆக, ஈராயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம் ஊருக்கு இரண்டு அர்த்தத்திலும் சரக்கு வந்திருக்கிறது. அடி கூர்மையாக, ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கத் தோதாகச் செய்த ஜாடி. கன்டெய்னரின் கொள்ளுத் தாத்தா என்றே சொல்லலாம்.

பேரன் பிறந்தது 1956-ல். மால்கம் மெக்லீன் என்று ஓர் அமெரிக்க லாரி முதலாளி. லாரியிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கி, கப்பலில் மூட்டை மூட்டையாக ஏற்றுவதைப் பார்த்து அலுத்துப்போய், லாரியின் பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று யோசித்தார். அந்த ஏப்ரலில் 58 பெட்டிகளுடன் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. மூட்டையாக ஏற்றினால் டன்னுக்கு 5 டாலர் 86 சென்ட். பெட்டியாக ஏற்றினால் 16 சென்ட்கூட இல்லை என்று கணக்குக் காட்டினார்கள். உலக வியாபாரமே பெட்டிக்குள் போய்விட்டது.

பெட்டியை நிரப்ப முடிந்தவனுக்கு இதெல்லாம் சரி. முடியாதவன் என்ன செய்வான்?

எங்கள் தெருப் பக்கம் சுடுமண் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு எல்லாம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் அவருக்குப் பாரீஸிலிருந்து ஆர்டர் வந்தது. லா ஷபேல் பகுதியில் கடை வைத்திருக்கும் பாண்டிச்சேரிக்காரர், கார்த்திகைக்கு விற்க அகல் விளக்கும், கொஞ்சம் குதிரையும், பிள்ளையாரும் கேட்டிருந்தார்.

“தம்பி, நீ காமர்ஸ் படிச்சவன். கூட வந்து பேப்பரை மட்டும் பார்த்துக்கப்பா” என்றார் அண்ணன். போனேன்.

வைக்கோல் வைத்து மூன்று மரப்பெட்டி கட்டியிருந்தார். வைக்கோல் கூடாது, காகிதம் வை என்றார்கள். மரப்பெட்டி என்றால் பூச்சி இல்லாதபடி சூடு காட்டி முத்திரை குத்திய மரமாக இருக்க வேண்டும் என்றார்கள். செய்தார். மூன்று பெட்டியும் சேர்ந்து இரண்டு கன மீட்டர். இருபது அடிக் கன்டெய்னர் ஒன்றில் சுமார் 33 கன மீட்டர் இடம். மீதி இடத்துக்கு இன்னும் பத்துப் பேருடைய சரக்கு சென்னையில் சேர வேண்டும். ஷேர் ஆட்டோ தத்துவம்தான். நிறைந்தால்தான் கிளம்பும்.

புரட்டாசியில் லாரி கிளம்பியது. சென்னையில் மழை, ரோட்டில் டிரெய்லர் வரிசை. இவர் பெட்டி கோடவுன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அந்தக் கப்பலுக்கான கன்டெய்னரை மூடி சீல் வைத்துவிட்டார்கள். அடுத்த கன்டெய்னர் பத்து நாள் கழித்து. கொழும்பில் கப்பல் மாறி, ஐரோப்பா போய், விளக்குகள் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது கார்த்திகை தீபம் முடிந்து ஒரு வாரம்.

பாரீஸ்காரர் நல்ல மனிதர். கோபிக்கவில்லை. “பரவாயில்லண்ணே, அடுத்த வருஷத்துக்கு ஆச்சு” என்றார்.

அடுத்த வருஷத்துக்கு ஆச்சு என்றால் என்ன அர்த்தம்? அடுத்த வருஷம் ஆர்டர் கிடையாது என்று அர்த்தம்!

பில் வந்தது. அண்ணன் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஏம்ப்பா தம்பி, கடலைத் தாண்டினதுக்கு ஒரே ஒரு வரி எழுதியிருக்கான். சென்னையைத் தாண்டினதுக்கு எட்டு வரி எழுதியிருக்கானே?”

ஒரு பொருளாதார நிபுணர் முந்நூறு பக்கத்தில் எழுதுவதை அண்ணன் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். வில்லியனூருக்கும் கடலுக்கும் உள்ள தூரம் பத்து கிலோ மீட்டர் என்பது மேப்பில். வியாபாரத்தில் அது நூற்றைம்பது கிலோ மீட்டருக்கு மேலே, ஒரு மழை, ஒரு டிரெய்லர் வரிசை, பத்து நாள் காத்திருப்பு, எட்டு வரி பில்.

அவர் பையன் சக்கரத்தைத் தொடுவதில்லை. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போகிறான். அப்பா வருத்தப்படுகிறார், ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

சரி, வில்லியனூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பெரிய உலர் துறைமுகத்தைக் கட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்ததா? இங்கேதான் என் பி.காம். குறுக்கே வருகிறது. வெகுகாலமாக இருந்த அரசு வழிகாட்டுதல்படி, உள்நாட்டு கன்டெய்னர் டெப்போ என்றால் குறைந்தது 4 ஹெக்டேர் நிலம், வருஷத்துக்கு 6,000 பெட்டி வேண்டும். அதாவது தினமும் பதினாறு பெட்டி. வில்லியனூர் கொம்யூன், பாகூர் கொம்யூன் இரண்டையும் உலுக்கினாலும் அத்தனை விழுமா? பாகூரில் விளைவது நெல். அது லாரி ஏறி ரைஸ்மில்லுக்குப் போகும். அதற்குக் கஸ்டம்ஸ் அதிகாரி வேண்டாம். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் ஃபேக்டரிகளில் பெட்டி உண்டு. ஆனால் போகிற பெட்டிக்கு ஈடாக வருகிற பெட்டியும் வேண்டும். இல்லாவிட்டால் காலிப் பெட்டியைச் சென்னையிலிருந்து காசு கொடுத்து இழுத்து வர வேண்டும். மாமியார் வீட்டுக்குத் தனியாகப் போய்விட்டு, மனைவியை அழைத்துவர இன்னொரு தடவை போகிற செலவு!

ரயில் விஷயமும் அப்படித்தான். விழுப்புரம்–பாண்டிச்சேரி தண்டவாளம் 1879-லிருந்து வில்லியனூர் வழியாகத்தான் போகிறது. ஆனால் நூற்றைம்பது கிலோ மீட்டருக்கு லாரியில் ஏற்றி, இறக்கி, ரயிலில் ஏற்றி, இறக்கி என்றால், நேராகப் போகிற லாரி ஜெயித்துவிடும். பெங்களூர் மாதிரி தூரம் இருந்தால்தான் ரயிலுக்கு லாபம்.

ஆகவே நான் கேட்பது சின்னது. அதே வழிகாட்டுதலில் இன்னொரு வகை உண்டு. கன்டெய்னர் சரக்கு நிலையம். 1 ஹெக்டேர் நிலம், வருஷத்துக்கு 1,000 பெட்டி. ஒரு நாளைக்கு மூன்றுகூட இல்லை. இதையும் பாண்டிச்சேரி தனியாகச் செய்ய வேண்டாம். இந்தப் பக்கம் விழுப்புரம், அந்தப் பக்கம் கடலூர் சிப்காட், நடுவே நாம். எங்கள் ஊர் எல்லை உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடித் திறப்பதற்குள் தமிழ்நாடு வந்து, போய், மறுபடி வந்துவிடும். முன்பு சரக்கு லாரிக்கு ஒவ்வொரு எல்லையிலும் வரி செக்போஸ்ட் இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அது போச்சு. (இன்னொரு சரக்குக்கான செக்போஸ்ட் இருக்கிறது. அதைப் பற்றி வெளியூர் நண்பர்களைக் கேட்கவும்.) வரிக்கு எல்லை போன பிறகு, திட்டத்துக்கு மட்டும் எதற்கு எல்லை?

அந்த நிலையத்தில் வாரத்தில் ஒரு நாள், மழையோ வெயிலோ, சின்ன வியாபாரிகளுக்கென்று ஒரு பெட்டி கிளம்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமை. அதிகாரி அன்றைக்கு வந்துவிட வேண்டும். நிறையாவிட்டாலும் கிளம்ப வேண்டும். அரைப் பெட்டி காலியாகப் போகிற நஷ்டத்தை ஆரம்பத்தில் அரசாங்கம் தாங்கட்டும். டவுன் பஸ் அப்படித்தானே ஓடுகிறது? பாதி சீட் காலி என்பதற்காகக் காலை ஏழு மணி பஸ்ஸை நிறுத்தினால், எட்டரைக்கு ஆபீஸில் யார் இருப்பார்கள்?

“இதுக்கெல்லாம் எவன் சார் அடிக்கல் நாட்டுவான்? ரொம்பச் சின்னதா இருக்கே!” என்றார் டீக்கடை நண்பர். அதுதான் பிரச்னை. அடிக்கல்லுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை. டிரெய்லர் வரிசையைக் குறைக்க 2009-ல் ஒரு பிரதமர் அடிக்கல் நாட்டினார். பாதியில் நின்றுபோய், 2022 மே மாதம் இன்னொரு பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதே விழாவில் மப்பேட்டில் பெரிய லாஜிஸ்டிக்ஸ் பார்க்குக்கும் ஒரு கல். பெரிய திட்டங்கள் வேண்டும்தான். ஆனால் கல் வைத்த நாளுக்கும் முதல் பெட்டி நகர்ந்த நாளுக்கும் நடுவில் எத்தனை கார்த்திகை போகும்?

எங்கள் திருக்காமீசுவரர் கோயில் தேரை இழுக்க, பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே கவர்னர் வந்து வடம் பிடிப்பது வழக்கம். இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வருகிறார். பிடிக்கிறார், போட்டோ எடுக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் தேர் நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வருவது, சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர்களால். எங்கே வைத்தால் திரும்பும், எங்கே எடுத்தால் உருளும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். போட்டோவில் அவர்கள் முதுகுதான் தெரியும்.

சரக்கு நிலையத்துக்கும் அப்படி நாலு பேர் கிடைத்தால் போதும். செவ்வாய்க்கிழமை பெட்டி செவ்வாய்க்கிழமையே கிளம்பிவிடும்.