வரப்பில் அமர்ந்தவர்

அமராவதி நகரில் பொழுது புலரும் முன்பே இருவகைக் கால்கள் நடமாடத் தொடங்கிவிடுகின்றன. 1962-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சைனிக் பள்ளியின் மாணவர்கள் உடற்பயிற்சிக்கு ஓடுகின்றனர். 1957-இல் கட்டப்பெற்ற அணையின் நீர் பாயும் வயல்களை நோக்கிப் பெண்கள் தூக்குப்போசியுடன் நடக்கின்றனர். மாணவர்களின் உடல்திறன் அளந்து, உணவூட்டி, ஓய்வளித்து வளர்க்கப்படுகிறது. இப்பெண்களுக்கோ அதுவே கூலிக்கான ஒரே முதல். ஆயினும் அதனை அளப்பார் எவருமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வயலில் நடவு நடந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் முற்பகலிலேயே வரப்பில் அமர்ந்துவிட்டார்.

"மத்தவங்க எல்லாம் நடுறாங்க, நீ மட்டும் உக்காந்துட்டா எப்படி?" என்று கேட்டோம்.

"ஒண்ணுமில்லீங்க, கண்ணைக் கட்டுதுங்க" என்றவர், சிறிது தண்ணீர் அருந்தி மீண்டும் சேற்றில் இறங்கினார். அன்றைய கூலியை நாங்கள் குறைக்கவில்லை. ஆனால், மறுநாள் நடவுக்கு அவரை அழைக்கவுமில்லை.

சில மாதங்கள் கழித்து, மருத்துவ முகாமில் கொடுத்த சீட்டு ஒன்றை எடுத்துவந்து, "இதுல என்னங்க போட்டிருக்குது?" என்று கேட்டார். நூறு மில்லி இரத்தத்தில் குறைந்தது 12 கிராம் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் அவருக்கு 7 கிராம்தான் இருந்தது. சோம்பல் என்று நாங்கள் பெயரிட்டது இரத்தசோகை! அச்சீட்டை அவருக்குப் படித்துச் சொல்கையில் எங்கள் குரல் தாழ்ந்தது.

தசைகளுக்கு வேண்டிய உயிர்வளியைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அது குறைந்தால், அதே வேலைக்கு இதயம் மிகுதியாகத் துடிக்கவேண்டும். வெயிலிலோ, உடலின் வெப்பத்தைத் தணிக்கவும் இரத்தம் தோலுக்குப் பாய்ந்தாக வேண்டும். குறைந்த முதலில் இரண்டு செலவுகள்!

இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடத்தப்பெற்று 1979-இல் வெளியான ஆய்வு இதனை நிறுவியது. இரும்புச்சத்து பெற்று ஹீமோகுளோபின் உயர்ந்த தொழிலாளர்கள் ஒரே மாதத்தில் முன்னிலும் மிகுதியாகக் கொழுந்து பறித்தனர். இரத்தசோகை மிகுந்திருந்தவர்களிடமே முன்னேற்றமும் மிகுந்திருந்தது. நம் நிலைமையும் வேறன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை உண்டு. வரப்பில் அமர்ந்தவர் ஒருவர்; அமராமல் தாங்கிக்கொண்டு நட்டவர் எத்தனை பேரோ!

உழைப்பின் நேரம் உழைப்பவரின் வலிமையை மீறலாகாது என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இலேயே தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். ஆலைகளை நோக்கி அதனைப் பேசிய நாங்கள், எங்கள் வரப்புக்கு அது பொருந்தும் என்று எண்ணியதில்லை.

இப்போது எங்கள் வயலில் சில மாற்றங்கள் உண்டு. உச்சி வெயிலில் வேலையில்லை. குடிநீர்க் குடம் வரப்பிலேயே இருக்கிறது. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையுமாதலால், தேநீரைத் தள்ளிக் கொடுக்கிறோம்; உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ வைக்கிறோம். இவை பெரிய கொடைகள் அல்ல. நெடுநாள் செலுத்தாத கடனின் முதல் தவணை.

ஒருநாள் அப்பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கூச்சத்துடன், "அதெல்லாம் எதுக்குங்க? நாளைக்கு வேலை இருக்குதுங்களா?" என்றார்.

வேலை இருந்தது. ஆனால், அதற்கு முன் கேட்டிருக்கவேண்டிய ஒன்றை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்: "உடம்பு நல்லா இருக்குதுங்களா?"