சக்கரத்தின்மேல் வீடு, தலையின்மேல் வெயில்



தூரதேசத்தில் வேலை செய்யும் உங்கள் மகனோ மகளோ ஒருநாள் தொலைபேசியில், "வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோம், ஒரு வண்டியை வாங்கி அதிலேயே குடியிருக்கிறோம்" என்று சொன்னால் உங்கள் மனம் என்ன பாடுபடும்? கடனில் விழுந்தார்களோ, வேலை போயிற்றோ, சபையார் கேட்டால் என்ன சொல்வது என்று எத்தனை எண்ணங்கள் எழும்பும்! அகமதாபாத்தில் குடியிருக்கும் என் மூத்த சகோதரி அப்படித்தான் கலங்கினார்கள். அவர்களுடைய மகள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நர்ஸாக வேலை செய்கிறாள். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் நான் அங்கே போய், பீனிக்ஸ் நகருக்குக் கிழக்கே நிறுத்தப்பட்டிருந்த அந்த வண்டிவீட்டிலே ஆறு வாரங்கள் தங்கினேன். அங்கே கண்டதை உங்களுக்கு எழுதுவது பிரயோஜனமாயிருக்கும் என்று எண்ணுகிறேன்.

அமெரிக்கர் இதை ஆர்.வி. என்று அழைக்கிறார்கள். சிலவற்றிற்குச் சொந்த எஞ்சின் உண்டு. சிலவற்றை வேறொரு வாகனத்தின் பின்னால் கட்டி இழுக்கவேண்டும். என் மருமகள் குடும்பத்தின் வீடு இழுத்துச் செல்லும் வகையைச் சேர்ந்தது. முப்பது அடி நீளம், எட்டடி அகலம். அதற்குள் ஒரு படுக்கையறை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை, விரித்தால் கட்டிலாகும் ஒரு சோபா யாவும் இருந்தன. அந்தச் சோபாவே எனக்கு அறையாயிற்று. அவர்கள் கடனில் விழுந்து இதற்கு வந்தவர்களல்லர். ஊர் ஊராய்ச் சென்று பணிபுரியும் நர்ஸுகளுக்கு அங்கே பெரும்பாலும் 13 வாரங்களுக்கே ஒப்பந்தம் கிடைக்கிறது. ஓராண்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு, மூன்று மாதத்தில் வேறு நகருக்குப் போவது எப்படி? ஆகவே வீட்டையே உடன் கொண்டுபோகிறார்கள். இதைக் கேட்டபின் என் சகோதரியின் முதற்கலக்கம் தீர்ந்தது. ஆனால் நான் கண்ட இரண்டாவது காரியத்தை அவர்கள் அறியவில்லை. அது வெயில்.

குளிர்காலத்தில் அரிசோனா பாலைவனம் வண்டிவீடுகளால் நிரம்புகிறது. வடதேசத்துப் பனிக்குத் தப்பிவரும் முதியோரை அங்கே பனிப்பறவைகள் என்று வேடிக்கையாக அழைக்கிறார்கள். குவார்ட்சைட் என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள அரசு நிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டகாலம் தங்க அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். ஏப்ரல் வந்தால் பறவைகள் பறந்துவிடும். வெயில்காலத்தில் அங்கே மீந்திருப்பவர்கள் யார்? என் மருமகளைப் போல வேலையினிமித்தம் தங்குவோர். அவர்களைவிட அதிகமாய், போக இடமில்லாதோர்.

நான் போயிருந்த நாட்கள் சாதாரண நாட்களல்ல. 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாட்கள், பீனிக்ஸில் பகல் உஷ்ணம் 43 டிகிரி செல்சியஸுக்குக் குறையவில்லை. ஜூலை 19ஆம் தேதி 48 டிகிரியைத் தாண்டியது. அன்று விடியற்காலையிலும் 36 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. இரவில் சரீரம் இளைப்பாறாவிட்டால் அடுத்த பகலைத் தாங்கும் பெலன் அதற்கு இராது. அகமதாபாத்தின் மே மாதத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் அறிந்த எனக்கே அந்த இரவுகள் புதியவையாயிருந்தன.

வண்டிவீட்டின் சுவரைத் தட்டிப்பார்த்தால் அதன் இயல்பு விளங்கும். மெல்லிய மரச்சட்டம், நடுவே சிறிது பஞ்சோ நுரையோ, வெளியே அலுமினியம் அல்லது பைபர்கிளாஸ் தகடு. சுவரின் முழுக் கனமும் இரண்டு அங்குலம் இருந்தால் அதிகம். ஜன்னல்கள் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி. கூரையிலே வெளிச்சத்துக்கென்று வைத்த திறப்புகள் பகலில் அடுப்பின் வாயைப் போலாகின்றன. கூரைமேல் இருக்கும் குளிர்சாதனம் ஓயாமல் ஓடினாலும், நிழலும் தடுப்பும் இல்லாவிட்டால் வெளியிலுள்ளதைவிட ஏறக்குறைய 11 டிகிரி குறைத்தாலே பெரிது என்பது அங்கே குடியிருப்போரின் அனுபவம். வெளியே 48 என்றால் உள்ளே 37. அதைக் குளிர்ச்சி என்று யார் சொல்வார்?

ஆகையால் அவர்கள் வெயிலை வீட்டுக்கு வெளியிலேயே தடுத்து நிறுத்தப் பார்க்கிறார்கள். பெரிய ஜன்னல்கள் மேற்கு நோக்காதபடி வண்டியை நிறுத்துகிறார்கள். பளபளக்கும் வெள்ளித்தகடு போன்ற தடுப்பை ஜன்னல்தோறும் வெட்டிப் பொருத்துகிறார்கள். கூரைத் திறப்புகளைப் பஞ்சுத் திண்டால் அடைக்கிறார்கள். வண்டியின் பக்கத்தில் விரியும் துணிப்பந்தலால் சுவருக்கு நிழல் தருகிறார்கள். காற்று எழும்பினால் பந்தலை உடனே மடக்கவேண்டும். சமையல் விடியுமுன் முடிந்துவிடும், அல்லது வெளியே நடக்கும். குழாயைத் திறந்தால் நடுப்பகலில் வெந்நீரே வரும். ஆகவே குடிதண்ணீரை இரவிலேயே பிடித்துக் குளிரவைக்கிறார்கள். நம்முடைய வடஇந்திய வீடுகளில் உள்ள தண்ணீர்க் கூலர் அங்கேயும் உண்டு. காற்று வறண்டிருக்கும் ஜூனில் அது நன்றாய் வேலை செய்யும். ஜூலையில் அவர்களுடைய மழைக்காற்று வந்து ஈரம் ஏறியதும் நமக்குக் கைவிடுவதுபோலவே அவர்களுக்கும் கைவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மின்சாரம். எங்கள் வண்டிக்கு 120 வோல்ட்டில் 30 ஆம்பியர், அதாவது 3,600 வாட் அளவே இணைப்பு. குளிர்சாதனத்துக்கே ஏறக்குறைய 1,500 வாட் போய்விடும். அதனுடன் மைக்ரோவேவ் அடுப்பையும் தண்ணீர் சூடேற்றியையும் ஒன்றாய்ப் போட்டால் பிரேக்கர் விழும். வெயில் ஏற ஏற வளாகத்தில் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுப்பதால் வோல்டேஜ் தாழும். தாழ்ந்த வோல்டேஜில் கம்பிரஷர் எரிந்துபோகும். பிளக்கின் முனைகள் தளர்ந்திருந்தால் சூடேறி உருகும். மருமகளின் கணவர் தினமும் காலையில் பிளக்கைக் கையால் தொட்டுப் பார்ப்பார். வோல்டேஜைக் காட்டும் ஒரு சிறு கருவியையும் மாட்டியிருந்தார். ஐந்து வயதுப் பேரன்கூட, "தாத்தா, அந்த நம்பர் குறைஞ்சா அப்பாகிட்ட சொல்லணும்" என்று எனக்குக் கற்பித்தான்.

ஜூலை மூன்றாம் வாரத்தில் ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்கு, எங்கள் வரிசை முழுவதற்கும் மின்சாரம் நின்றது. மருமகள் மருத்துவமனையில் பணியிலிருந்தாள். உள்ளே சுவரிலிருந்த வெப்பமானி 31 டிகிரி காட்டியது. நாற்பது நிமிடத்தில் அது 41ஐத் தொட்டது. வெளியே இன்னும் அதிகம். மருமகளின் கணவர் பதறவில்லை. "மாமா, இதற்காகவே திட்டம் வைத்திருக்கிறோம்" என்று சொல்லி, தண்ணீர்ப் பையை எடுத்தார்; காரை முன்னதாகவே ஓட்டிக் குளிரவைத்தார். அந்த மாவட்டத்திலே பொது நூலகங்கள் வெயிலுக்கு ஒதுங்குமிடங்களாகவும் திறந்திருக்கின்றன. பதினைந்து நிமிடப் பயணத்தில் ஒரு நூலகம் இருந்தது.

புறப்படுமுன் அவர் ஒரு காரியம் செய்தார். இரண்டு வண்டிகளுக்கு அப்பால் தனியே குடியிருந்த முதியவரின் கதவைத் தட்டினார். எழுபத்தைந்து வயதிருக்கும்; முன்னாள் லாரி ஓட்டுநர்; மனைவியை இழந்தவர். மாதவாடகைக்குத் தங்குவோர் மின்கட்டணத்தைத் தனியாய்க் கட்டவேண்டுமாதலால், பகலில் குளிர்சாதனத்தை அணைத்துவைப்பேன் என்று அவர் சில நாட்களுக்கு முன்பு எங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். தட்டியதற்குப் பதிலில்லை. கதவு தாழிடப்படவில்லை. உள்ளே அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கண்கள் திறந்திருந்தன, பேச்சோ குழறிற்று. எங்களைத் தம் மகன் என்று எண்ணி ஏதோ கேட்டார்.

வெயிலில் வாடியவர் குழம்பிப் பேசத் தொடங்கினால், அது களைப்பல்ல. உயிருக்கு ஆபத்தான வெப்பத்தாக்கு. சரீரத்தின் உட்சூடு 40 டிகிரியைக் கடந்திருக்கக்கூடும். இதை எனக்கு முன்பே மருமகள் சொல்லியிருந்தாள். அவசர உதவிக்கு அழைத்தோம். வண்டி வருமட்டும் காத்திராமல், அவரை எங்கள் குளிர்ந்த காருக்குத் தூக்கிச் சென்று, சட்டையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றினோம், கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டிப் பைகளை வைத்தோம், விசிறினோம். நினைவு தெளியாதவருக்குக் குடிக்கக் கொடுக்கலாகாது, புரையேறும். ஆகவே வாயில் ஒன்றும் ஊற்றவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. நான்கு நாட்களுக்குப்பின் அவர் உயிரோடு திரும்பி வந்தார். அந்தப் பிற்பகலை நினைக்கும்போதெல்லாம், கதவைத் தட்டாமல் நேரே நூலகத்துக்குப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று என் உள்ளம் நடுங்குகிறது.

எல்லாரும் அவரைப் போலப் பிழைக்கவில்லை. பீனிக்ஸ் அடங்கிய மாரிக்கோப்பா மாவட்டத்தில் மட்டும் 2023ஆம் ஆண்டில் வெயில் சம்பந்தமான மரணங்கள் 645 என்று சுகாதாரத் துறை உறுதிசெய்தது. வீதியில் வாழ்ந்தோர் அவர்களில் அநேகர். வீட்டுக்குள்ளேயே மரித்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் மிகுதியானோருக்குக் குளிர்சாதனம் இருந்தது, ஆனால் அது ஓடவில்லை. 2024இல் அந்த மாநிலம், நடமாடும் வீடுகளின் வளாகங்களில் குடியிருப்போர் நியாயமான குளிர்விப்பு வசதிகளைப் பொருத்துவதை உரிமையாளர் தடுக்கலாகாது என்று சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் பீனிக்ஸ் தீயணைப்புத் துறையினர், வெப்பத்தாக்குக்கு ஆளானவரை மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே பனிக்கட்டி நிரப்பிய பையில் கிடத்திக் குளிர்விக்கத் தொடங்கினார்கள்.

அந்த முதியவர் திரும்பியபின் ஒருநாள் மாலை அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். குளிர்ந்த மலைப்பகுதிக்கு வண்டியைக் கொண்டுபோகலாமே என்று கேட்டேன். அவர் குனிந்து தம் வண்டியின் டயரைக் காட்டினார். ஆண்டுக்கணக்காய் வெயிலில் நின்று அது பாளம் பாளமாய் வெடித்திருந்தது. இழுக்கும் வாகனத்தையும் விற்றுவிட்டிருந்தார். "மகனுக்குச் சொல்லலாமே" என்றேன். "அவனுக்கும் பாரங்கள் உண்டு" என்றார். வீட்டுக்குச் சக்கரம் இருந்தும் அவரால் புறப்படமுடியவில்லை. என் மருமகளோ ஒப்பந்தம் முடிந்ததும் ஆகஸ்டில், ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள பிளாக்ஸ்டாப் நகருக்குக் குடும்பத்தோடு போய்விட்டாள். புறப்படுமுன் அவள் அந்த முதியவரின் மகனுடைய எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினாள். குளிர்சாதனம் பகலிலும் ஓடும்படி மின்கட்டணத்தைத் தானே கட்டுவதாக அவர் ஒப்புக்கொண்டார். "அப்பா ஒருவார்த்தையும் சொல்லவில்லையே" என்று அவர் அழுதாராம்.

வாசகரே, இது அமெரிக்கப் பாலைவனத்துக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதிருங்கள். உங்களில் அநேகர் தகரக்கூரையின் கீழும் சிமெண்ட் ஷீட்டின் கீழும் குடியிருக்கிறீர்கள். உங்கள் சகோதரர்கள் லாரிக் கேபினில் உறங்குகிறார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயமென்று நம் அரசு விதித்தபோதிலும், பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. 2010 மே மாத வெயில் அகமதாபாத்தில் அநேகரை வாரிக்கொண்டது. அதன்பின்பே 2013இல் அந்நகரம் வெப்பத்துக்கான செயல்திட்டத்தை வகுத்தது. தகரக்கூரைக்கு வெள்ளையடிப்பதும், மேற்குச் சுவருக்கு நிழல் கட்டுவதும், பகலில் ஒதுங்க ஓர் இடத்தை முன்னதாகவே அறிந்துவைப்பதும் நமக்கும் பொருந்தும். வெயில் நாட்களில் நாங்கள் எங்கள் ஆராதனைக் கூடத்தைப் பிற்பகலிலும் திறந்துவைக்கிறோம். மின்விசிறியும் குடிதண்ணீரும் இருக்கின்றன. எவரும் வந்து படுத்திருக்கலாம். ஆபிரகாம் வெயிலேறும் நேரத்தில் கூடார வாசலில் உட்கார்ந்திருந்தபடியால் அல்லவா வழிப்போக்கரைக் கண்டு ஓடிப்போய்த் தண்ணீர் கொடுக்க முடிந்தது?

உங்கள் பிள்ளை வண்டிவீட்டில் குடியிருப்பதாகச் சொன்னால் வெட்கப்படவேண்டாம். சபையாரிடம் தாராளமாய்ச் சொல்லுங்கள். பிள்ளையிடம் இவற்றைக் கேளுங்கள்: மின்சாரம் நின்றால் எங்கே போவாய்? பிளக்கைத் தொட்டுப் பார்த்தாயா? உன் வண்டியின் டயர் எப்படியிருக்கிறது? உன் கதவைத் தட்டும் அளவுக்கு உன்னை அறிந்தவர் யாராவது பக்கத்தில் உண்டா? என் சகோதரி இப்பொழுது ஞாயிறுதோறும் மகளிடம் இவற்றைக் கேட்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும், புதிய ஊருக்குப் போகும்போதெல்லாம், பதில் வருமட்டும் விடுவதில்லை.